சின்னப் பெட்டி, பெரிய கார்டு: வாங்குவதற்கு முன் டேப்பை எடுங்கள்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் கிளப் ஹவுஸில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)

இந்த நேரத்தில் இங்கே கேரம் ஆட்டம் நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்த கேரம் குழுவுக்கு முதலில் நன்றி.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கடந்த சில மாதங்களில் நம் வளாகத்திலேயே நான்கு வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "பையன் கேம் விளையாட ஒரு கார்டு கேட்கிறான். கார்டு மட்டுமே லட்சத்துக்கு மேல் ஆகுமாம். கம்ப்யூட்டர் மேஜை மேலேயே சின்னதாக இருக்க வேண்டுமாம். வாங்கலாமா?" ஒரு வீட்டில் கேட்டது பையன் இல்லை, பெண். இன்னொரு வீட்டில் கேட்டவருக்கு வயது 46. அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்து காட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கொண்டுவந்திருப்பது தையல் டேப். என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது. சிறிய கேமிங் பிசி கட்டுவதற்கு இதுதான் முதல் கருவி என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், அன்றைக்குக் கிடைத்த மேல்தரக் கார்டுகளில் ஒன்றை வாங்கினேன். சலுகை விலை, அன்றே முடிகிறது என்றார்கள், வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சீலை உடைத்து, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த அழகான சின்னப் பெட்டியில் வைத்துப் பார்த்தால், கார்டின் நீளம் 340 மில்லிமீட்டர். பெட்டி ஏற்பது 325. பதினைந்து மில்லிமீட்டர், அதாவது ஒரு சுண்டுவிரல் அகலம். சீல் உடைத்த பொருளைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். எடுக்கவில்லை. அவர்கள் மேல் தவறும் இல்லை.

சரி என்று வேறு பெட்டி வாங்கினேன். அதில் நீளம் சரியாக இருந்தது, தடிமனும் சரியாக இருந்தது. உயரத்தை நான் பார்க்கவில்லை. கார்டின் மேல் விளிம்பில்தான் மின்சாரக் கேபிள் சொருக வேண்டும். பெட்டியின் பக்கக் கதவை மூடினால் அது கேபிளை அழுத்தியது. கொஞ்சம் தம் பிடித்து மூடினேன். மூடிக்கொண்டது. ஐந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும், ஹாலில் பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. முதலில் சமையலறைக்கு ஓடினேன். அங்கே ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துக் கதவைக் கழற்றிப் பார்த்தால், கனெக்டரின் ஒரு ஓரம் பழுப்பாக உருகி கார்டோடு ஒட்டியிருந்தது. தீ பிடிக்கவில்லை. ஆனால் பதினோராவது மாடியில், பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வாசனை வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பெரிய டவர் கேபினட் என்றால் "எது சிறந்த கார்டு?" என்று கேட்கலாம். சின்னப் பெட்டி என்றால் அந்தக் கேள்வி செல்லாது. "இந்தப் பெட்டிக்குள் நுழையக்கூடிய, இந்தப் பெட்டியால் சூட்டை வெளியேற்ற முடிந்த, இந்த வீட்டு மின்சாரம் தாங்கக்கூடிய கார்டுகளில் எது சிறந்தது?" என்று கேட்க வேண்டும். விடை பெரும்பாலும் கடைக்காரர் முதலில் காட்டும் கார்டாக இருக்காது.

இந்த விஷயம் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு நிமிடம். திரையில் தெரியும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. விளையாட்டில் ஒவ்வொரு நொடியும் அந்தப் புள்ளிகள் அத்தனையையும் அறுபது முறை, நூறு முறை புதிதாகக் கணக்கிட வேண்டும். அதைச் செய்யும் தனிப் பலகைதான் கிராபிக்ஸ் கார்டு. வாங்கும் மொத்தப் பணத்தில் பாதி அதற்கே போகும். மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதுதான் சாப்பிடும்.

இனி பெட்டி. சாதாரண டவர் கேபினட்டின் கொள்ளளவு நாற்பது, ஐம்பது லிட்டர் இருக்கும். நம் வீடுகளில் படிப்பு மேஜைக்குக் கீழே அதை வைத்தால் கால் வைக்க இடம் இருக்காது. சின்னப் பெட்டிகள் இருபது லிட்டருக்குள் வரும். அவற்றில் மினி ஐடிஎக்ஸ் என்ற மதர்போர்டு உட்காரும், 17 சென்டிமீட்டர் சதுரம், அவ்வளவுதான். கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்றவை சுமார் 18 லிட்டர். பெரிய செருப்பு டப்பா மாதிரி, உள்ளே எல்லாம் வழக்கம்போல் இருக்கும். ஃப்ராக்டல் டெர்ரா போன்றவை 10.4 லிட்டர். இவற்றில் மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தகடு, இரண்டையும் இணைக்க ரைசர் என்ற பட்டைக் கேபிள். சாண்ட்விச் அமைப்பு என்பார்கள். முதல் முறை கட்டுபவர் என்றால் நான் பதினெட்டு லிட்டர் பக்கம்தான் தள்ளுவேன். பத்து லிட்டர் பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே கை நுழையாது, தப்பு செய்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

டேப்புக்கு வருவோம். கார்டுக்கு மூன்று அளவு. நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். டெர்ரா 322 மி.மீ. வரை ஏற்கும், என்ஆர்200 330 வரை. அப்பாடா என்று விட்டுவிடாதீர்கள், முன்பக்கம் ஃபேனோ ரேடியேட்டரோ வைத்தால் சில பெட்டிகளில் அதன் தடிமனை நீளத்திலிருந்து கழிக்க வேண்டும். இரண்டாவது தடிமன். கடைக்காரர் "டூ ஸ்லாட்", "த்ரீ ஸ்லாட்" என்பார். ஒரு ஸ்லாட் என்பது 20.32 மி.மீ. ஆனால் "டூ பாயின்ட் ஃபைவ்" என்று எழுதியிருக்கும் கார்டு 50 மி.மீ. தானா, 53 ஆ என்பதைத் தயாரிப்பாளர் தளத்தில் மில்லிமீட்டரில் பாருங்கள். டெர்ராவில் நடுத்தகட்டை நகர்த்தலாம். கார்டுக்கு அதிகபட்சம் 72 மி.மீ. வரை இடம் கொடுக்கலாம். கொடுத்தால் மறுபக்கம் பிராசசர் கூலருக்கு 48 மி.மீ. தான் மிஞ்சும். வாடகை வீட்டில் பீரோவை நகர்த்துவது மாதிரிதான், இந்த அறையில் கூடினால் அந்த அறையில் குறையும்.

மூன்றாவது உயரம். என்னைக் கவிழ்த்தது இதுதான். கார்டின் உயரம் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் எண்ணில் கேபிள் சேராது. கேபிள் வெளியே வந்து வளைவதற்கு இன்னும் மூன்று சென்டிமீட்டராவது இடம் வேண்டும். அதைக் கூட்டித்தான் பெட்டியின் உள் அகலத்தோடு ஒப்பிட வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு விடிவும் வந்திருக்கிறது. 2024 ஜூனில் என்விடியா, சின்னப் பெட்டிகளுக்கு ஏற்ற கார்டுகளுக்கு ஒரு வரையறை அறிவித்தது. நீளம் 304, தடிமன் 50, கேபிள் வளைவையும் சேர்த்து உயரம் 151 மி.மீ. இதற்குள் அடங்கும் கார்டுகளுக்கு 'எஸ்எஃப்எஃப் ரெடி' என்று முத்திரை. பெட்டி செய்பவர்களும் அதே அளவை ஒப்புக்கொண்டு பட்டியல் தருகிறார்கள். கார்டிலும் அந்தப் பெயர், பெட்டியிலும் அந்தப் பெயர் இருந்தால் டேப்பின் வேலை பாதி குறையும். பாதிதான். நான் இன்னும் அளந்துதான் வாங்குகிறேன்.

நுழைந்துவிட்டது என்றால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்தது சூடு.

2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் மின்தேவை 450 வாட். என்விடியா தானே செய்த மாதிரி மூன்று ஸ்லாட் தடிமன். 2025 ஜனவரியில் வந்த 5090க்கு 575 வாட். ஆனால் என்விடியாவின் சொந்த மாதிரி இரண்டு ஸ்லாட்தான், நீளம் அதே 304 மி.மீ. தடிமன் குறைந்தது, வாட் ஏறியது. பார்க்கிறவர்களுக்கு "அட, சின்னப் பெட்டிக்கென்றே செய்திருக்கிறான்" என்று தோன்றும். உண்மையில் நல்ல பொறியியல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 575 வாட் சூடு எங்கேயும் மறைந்துவிடாது. அந்தக் கார்டு காற்றை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதித் தள்ளுகிறது. சாண்ட்விச் பெட்டியில் மறுபக்கம் இருப்பது உங்கள் மதர்போர்டு.

வாட் என்றால் புரியாதவர்களுக்கு: நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட். 5090 வைத்த ஒரு கேமிங் பிசி, பிராசசர் எல்லாம் சேர்த்து விளையாடும்போது சுமார் 750 வாட் இழுக்கும். கிட்டத்தட்ட முக்கால் இஸ்திரிப் பெட்டி, மூன்று மணி நேரம் இடைவிடாமல், ஒரு செருப்பு டப்பாவுக்குள். அந்தச் சூடு முழுவதும் உங்கள் அறைக்குள்தான் வருகிறது. ஒன்றரை டன் ஏசியின் குளிர்விக்கும் திறனில் ஏழில் ஒரு பங்கு இந்த ஒரு பெட்டியின் சூட்டை அகற்றவே போய்விடும். பிசிக்கு ஒரு முறை, அதன் சூட்டை வெளியேற்ற ஏசிக்கு இன்னொரு முறை என்று கரண்ட் கணக்கு ஓடும்.

கார்டுகளைச் சோதித்து எழுதுபவர்கள் பலர் குளிர்நாட்டில், இருபது சொச்சம் டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் ஏசி போடாத அறை 35 டிகிரி. அறையில் பத்து டிகிரி ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். அங்கே 75 டிகிரி காட்டிய கார்டு இங்கே 85 காட்டும். அதற்கு மேல் போனால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். இரண்டு லட்சம் கொடுத்து வாங்கியது ஒரு லட்சத்துக் கார்டின் வேகத்துக்கு இறங்கி வந்து ஓடும்.

இன்னொரு விஷயம், இதை நம் வளாகத்திலேயே பார்த்தேன். தச்சர் செய்துகொடுத்த டிவி யூனிட்டுக்குள், கதவு வைத்த தட்டில், பிசியைத் தள்ளி வைத்திருந்தார்கள். முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் ப்ளைவுட். பிசி சூடாகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கையை உள்ளே விட்டால் இட்லிப் பானை. பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். கீழே ஃபேன் இருந்தால் கம்பளத்தின் மேல் வைக்காதீர்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் பகுதி. கார்டு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு வேகம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காகத்தான் தயாரிப்பாளர்கள் மின்சாரத்தைக் கொட்டுகிறார்கள், போட்டிக் கம்பெனியை விடப் பட்டியலில் ஒரு வரி மேலே நிற்பதற்காக. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, எந்தக் கம்பெனிக் கார்டுக்கும் வேலை செய்யும். அதில் 'பவர் லிமிட்' என்று ஒரு பட்டை. அதை 100இலிருந்து 75 அல்லது 80க்கு இழுங்கள். மேல்தரக் கார்டுகளில் மின்சாரம் நூறு வாட்டுக்கு மேல் குறையும். வேகத்தில் இழப்பு பெரும்பாலும் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 90 ஃபிரேம் ஓடிய இடத்தில் 84 ஓடும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பவர் இந்த அரங்கில் யாராவது இருந்தால் அவருக்கு நான் டிஃபன் வாங்கித் தருகிறேன். ஆனால் ஃபேன் சத்தம் குறைவதை அடுத்த அறையில் இருப்பவரும் கண்டுபிடிப்பார். வாரண்டிக்கும் பிரச்சினை இல்லை, கூட்டவில்லை, குறைக்கத்தான் செய்கிறோம். வோல்டேஜைத் தனியாகக் குறைக்கும் 'அண்டர்வோல்ட்' என்ற வழியும் உண்டு, இன்னும் நல்ல பலன் தரும், ஆனால் பொறுமை வேண்டும். தொடங்குபவர்களுக்கு அந்த ஒரு பட்டை போதும். என் பிசி வருடம் முழுவதும் 80இல்தான் ஓடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 70.

"அப்படிக் குறைத்து ஓட்டுவதற்கு எதற்குப் பெரிய கார்டு வாங்க வேண்டும்?" என்று இங்கே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய சிப்பை மெதுவாக ஓட்டுவது, சின்னச் சிப்பை விரட்டி ஓட்டுவதைவிடக் குறைந்த சூட்டில் அதே வேலையைச் செய்யும். பணம் இருப்பவருக்கு அது ஒரு வழி. ஆனால் அந்த நிம்மதிக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்பது அவரவர் பாடு. நான் கொடுக்க மாட்டேன்.

அடுத்து அந்தக் கனெக்டர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இது நம் எல்லோர் வீட்டுப் பாதுகாப்பையும் தொட்டது.

பழைய கார்டுகளில் எட்டுப் பின் கனெக்டர், ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. 4090 வந்தபோது பதினாறு பின் உள்ள 12விஎச்பிடபிள்யூஆர் என்ற புதிய கனெக்டர் பரவலாக வந்தது. ஒரே கேபிளில் 600 வாட் வரை. வீட்டு இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 1000 வாட்டுக்கு நான்கு சொச்சம் ஆம்பியர்தான் எடுக்கும். கார்டுக்குப் போவது 12 வோல்ட். 600 வாட்டுக்கு 50 ஆம்பியர் ஓட வேண்டும். அது ஆறு பின்களில் பங்கு பிரிந்து, பின்னுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல் போகிறது. தீக்குச்சியை விட மெல்லிய பின். அதில் ஒன்றிரண்டு சரியாகத் தொடவில்லை என்றால் மற்றவை அந்தச் சுமையையும் தூக்கும். சூடாகும், உருகும்.

2022 அக்டோபரில் 4090 வெளியான சில வாரங்களிலேயே கனெக்டர் உருகிய புகார்கள் வந்தன. முழுவதும் சொருகப்படாததுதான் பொதுவான காரணம் என்று நவம்பரில் என்விடியா சொன்னது. மறுவருடம் கனெக்டரையே திருத்தினார்கள். 12வி-2×6 என்று பெயர். சரியாகச் சொருகாவிட்டால் கார்டு மின்சாரமே எடுக்காதபடி உணர்பின்களைக் குட்டையாக்கினார்கள். அதற்குப் பிறகும் 2025 பிப்ரவரியில் 5090 கார்டுகளில் உருகிய புகார்கள் வந்தன. பயப்படுத்தச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான கார்டுகளில் சிலவற்றுக்குத்தான் இது நடந்திருக்கிறது. ஆனால் சின்னப் பெட்டியில் கேபிள் நெருக்கி வளைவதால் நாம் அந்தச் சிலரில் ஒருவராகும் வாய்ப்பைக் கூட்டிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது எளிது. பவர் சப்ளையோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வேறு கம்பெனிக் கேபிள், பழைய பவர் சப்ளையில் அடாப்டர், கோணலாகத் திருப்பும் குட்டிக் கனெக்டர் எதுவும் வேண்டாம். கார்டைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன்பே மேஜையில் வைத்துச் சொருகிப் பாருங்கள், இடைவெளியே தெரியக்கூடாது. வாயிலிருந்து மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் நேராக வந்த பிறகுதான் கேபிள் வளையலாம். பக்கக் கதவை மூட உங்கள் கை அழுத்த வேண்டியிருந்தால், அந்தப் பெட்டியில் அந்தக் கார்டு பொருந்தாது. என்னைப் போல் தம் பிடித்து மூடாதீர்கள். இயங்கும் பிசியை ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ராத்திரி முழுக்க டவுன்லோடு போடுபவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பவர் சப்ளை: சின்னப் பெட்டிகளுக்கு எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி வகை. 5090க்கு 1000 வாட், 5080க்கு 850, 5070 டிஐக்கு 750 என்று என்விடியா பரிந்துரைக்கிறது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏடிஎக்ஸ் 3.1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், புதிய கனெக்டர் அதில் வரும்.

சுவர்ப் பக்கம் வருவோம். ஜெனரேட்டர் ஓடும்போது நம் வளாகத்தில் ஒரு வீட்டுக்கு 1 கிலோவாட்தான். ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், விளக்கு, அதோடு 750 வாட் பிசி என்றால் லிமிட்டர் விழும். விழுந்தால் கீழே எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லாதீர்கள். இன்வெர்ட்டரிலும் இழுக்காது. பிசிக்குத் தனி யுபிஎஸ் வைத்தால் ப்யூர் சைன் வேவ் வகையாக வையுங்கள், விளையாட்டைச் சேமித்து அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். ஏசி, கீசரோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிசியைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பில் கணக்கும் கேட்டார்கள். தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் 750 வாட் பிசி இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். 300 வாட் கார்டு வைத்த 450 வாட் பிசி என்றால் 81. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு மேல் போனால் கீழ்ப்படிக் கட்டணமே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். விளிம்பில் இருக்கும் வீடுகளுக்கு இந்த 54 யூனிட் வித்தியாசம் தெரியும்.

சரி, கடைசியில் எந்தக் கார்டு? முதலில் உங்கள் மானிட்டரைப் பாருங்கள். 1080பி திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 37 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். கார்டின் வேலை இந்த எண்ணோடுதான் ஏறும். ஒரு வீட்டில் 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டரை வைத்துக்கொண்டு 5080 கேட்டார்கள். வாங்கினாலும் அந்தத் திரை நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டவே காட்டாது. மானிட்டரை மாற்றச் சொன்னேன், கார்டை ஒரு படி குறைக்கச் சொன்னேன். மொத்தச் செலவு குறைந்தது.

சின்னப் பெட்டிக்கு என் தேர்வு 300 வாட் வட்டாரம். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 300 வாட், 16 ஜிபி நினைவகம். 1440பி திரைக்குத் தாராளம், 4கே திரைக்கும் டிஎல்எஸ்எஸ் போட்டுச் சமாளிக்கும். ஏஎம்டி பக்கம் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, 304 வாட், அதே 16 ஜிபி, விலை குறைவு. இதன் பல மாடல்களில் பழைய எட்டுப் பின் கனெக்டரே இருக்கிறது, என் போன்ற சூடுபட்ட பூனைகளுக்கு அது ஆறுதல். பத்து லிட்டர் பெட்டி என்றால் சாதாரண 9070ஐப் பாருங்கள், 220 வாட்தான், நினைவகம் 16 ஜிபியே. 5070 என்ற கார்டு 250 வாட், என்விடியாவின் சொந்த மாதிரி 242 மி.மீ. நீளம்தான், எங்கேயும் நுழையும். ஆனால் நினைவகம் 12 ஜிபி. நான்கைந்து வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

உண்மையிலேயே 4கே, 120 ஹெர்ட்ஸ் திரை வைத்திருக்கிறீர்கள், பதினெட்டு லிட்டர் பெட்டி, ஏசி அறை என்றால் 5080. 360 வாட், பவர் லிமிட்டைக் குறைத்தால் 300க்குப் பக்கம் வந்துவிடும். 5090 யாருக்கு? 32 ஜிபி நினைவகம் தேவைப்படும் வேலை செய்பவர்களுக்கு, வீடியோ, முப்பரிமாண வடிவமைப்பு, வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுபவர்கள். அவர்களுக்கும் டவர் கேபினட்தான் சொல்வேன். இந்தியாவில் அறிமுகத்தின்போது அறிவித்த தொடக்க விலைகள் 5090க்கு 2,14,000, 5080க்கு 1,07,000, 5070 டிஐக்கு 80,000 ரூபாய். கடை விலை இதற்கு மேலேதான் ஓடும், மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் படிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்.

லேப்டாப்பிலும் 5090 வருகிறதே என்றார் ஒருவர். பெயர் மட்டும்தான் ஒன்று. அதில் இருப்பது வேறு சிப், 24 ஜிபி நினைவகம், அதிகபட்சம் 175 வாட்.

எங்கே வாங்குவது? ரிச்சி தெருவுக்குப் போங்கள், இணையத்திலும் விலை பாருங்கள், எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகளோ வரும்போது கொண்டுவரச் சொல்வது நம் வளாகத்தின் பழைய வழக்கம். இதற்கு வேண்டாம். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குத்தான், பழுதானால் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். சுங்க வரம்புக்கு மேல் வரியும் உண்டு. மிச்சமாகும் பணம் ஒரு பழுதில் போய்விடும்.

முடிவில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கையைத் தூக்கினான். "அங்கிள், நான் ஏற்கெனவே பத்து லிட்டர் பெட்டி வாங்கிட்டேன். அப்பா 5080க்கு ஒத்துக்கிட்டார். இப்போ என்ன செய்யறது?" என்று கேட்டான். அவன் அப்பா பக்கத்திலேயே இருந்தார், முகத்தைப் பார்த்தால் முழுசாக ஒத்துக்கொண்டவர் மாதிரி தெரியவில்லை. பெட்டியின் கதவைத் திறந்து, தகட்டிலிருந்து கதவு வரை அளந்து, மூன்று எண்களையும் தாளில் எழுதி எடுத்து வா, பிறகு பேசலாம் என்றேன். மறுநாளே எழுதி வந்தான். உயரத்தில் ஒன்பது மில்லிமீட்டர் குறைந்தது. இப்போது அவர்கள் 9070 தேடிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சப் பணத்தில் மானிட்டர்.

டேப்பைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், அட்டெண்டரிடம் கேட்டால் தருவார். எடுத்தவர்கள் திருப்பி வையுங்கள், என் மனைவிக்கு ஜாக்கெட் அளவெடுக்க வேண்டுமாம். ஏற்கெனவே சின்னப் பெட்டியில் பெரிய கார்டு வைத்திருப்பவர்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். கதவைக் கழற்றி அந்தக் கனெக்டரை ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன். பத்து நிமிட வேலை.